உச்சவரம்புக்குள் ஒரு கோப்பை

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில், ஓர் அணி தன் வீரர்களுக்காக ஆண்டுக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. கதவடைப்பில் 2004-05 பருவம் முழுவதுமே ரத்தான பிறகு வந்த ஏற்பாடு இது. முதலில் 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி. ஐபிஎல்லிலும் வரம்பு இருக்கிறது. ஆனால் அங்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய ஏலம் வந்து கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். இங்கே போடும் ஒரு கையெழுத்து பல ஆண்டுகளுக்கு அணியைக் கட்டிப்போடும்.

ஓர் அணியின் ஒப்பந்தப் பட்டியலை எடுத்ததும் அதிகச் சம்பளம் யாருக்கு என்று தேடாதீர்கள். யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். ஒரே கோடையில் மூன்று முக்கிய வீரர்களுக்கு முடிகிறது என்றால், அந்த மேலாளர் இப்போதே தூக்கம் கெட்டிருப்பார். அடுத்து, இருபதை ஒட்டிய வயதுக்காரர்களைக் கவனியுங்கள். அவர்களின் மூன்றாண்டு அறிமுக ஒப்பந்தத்துக்குத் தனிச் சம்பள வரம்பு உண்டு. எவ்வளவு பிரமாதமாக ஆடினாலும் அதுவரை பெரிய தொகை கேட்க முடியாது. கோப்பைக்கான வாசல் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான் திறக்கிறது.

சிகாகோ பிளாக்ஹாக்ஸ் இதற்கு நல்ல பாடம். 2010இல், 49 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். தலைவர் ஜொனாதன் டேவ்ஸுக்கு வயது 22, வெற்றி கோலை அடித்த பாட்ரிக் கேனுக்கு 21. இருவருக்கும் அறிமுக ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு அது. அடுத்த பருவம் முதல் இருவருக்கும் ஆண்டுக்குத் தலா 63 லட்சம் டாலர். போதாததற்கு, ஊக்கத்தொகைகளும் மறுஆண்டுக் கணக்கில் ஏறின. கொண்டாட்டம் அடங்குவதற்குள் பஃப்லினும் லாடும் அட்லாண்டாவுக்கும், வெர்ஸ்டீக் டொரன்டோவுக்கும் போனார்கள்.

அதே கோடையில் சான் ஹோசே அணி செய்ததை நான் இன்றும் வியக்கிறேன். சிகாகோவின் தடுப்பாட்டக்காரர் யல்மார்ஸனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1.4 கோடி தருவதாக வலை வீசியது. சிகாகோ அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது. பிறகு கோல் காப்பாளர் நியெமிக்குச் சம்பள நடுவர் 27.5 லட்சம் நிர்ணயித்தபோது அதற்கு இடமில்லை, கைவிட்டார்கள். கோப்பை வென்று தந்த அந்தக் காப்பாளரை எடுத்துக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சான் ஹோசேதான்!

2013இலும் 2015இலும் சிகாகோ மறுபடி வென்றது. 2015-16 முதல் டேவ்ஸ், கேன் இருவருக்கும் தலா 1.05 கோடி. அன்றைய வரம்பு 7.14 கோடி, இரண்டே பேருக்கு ஏறக்குறைய 30 சதவீதம். 2016இல் பிரையன் பிக்கலின் 40 லட்ச ஒப்பந்தத்தை இறக்கிவைக்க, 21 வயது டெராவைனனையும் சேர்த்து கரோலினாவுக்குக் கொடுத்தார்கள். அந்த இழப்புதான் அதிகம் வலித்திருக்க வேண்டும். நட்சத்திரங்களைத் தாங்கப்போகும் மலிவான இளம் கால்கள் அவை.

தொகையை அப்படியே படிக்காமல் வரம்பின் சதவீதமாகப் படித்துப் பழகுங்கள். நியூ ஜெர்சியின் ஜாக் ஹியூஸ் 2021இல் ஆண்டுக்கு 80 லட்சம் என்று எட்டு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார். அன்றைய 8.15 கோடி வரம்பில் அது ஏறக்குறைய 10 சதவீதம். 2026-27க்கு லீக் அறிவித்த மதிப்பீடு 10.4 கோடி; அதில் 8 சதவீதத்துக்கும் கீழே. அவர் ஒப்பந்தம் 2030 வரை ஓடுகிறது. இடைப்பட்ட அந்த மிச்சத்தை நியூ ஜெர்சி யார்மீது செலவிடுகிறது என்பதை ஒவ்வொரு ஜூலையிலும் கவனித்து வாருங்கள்.