பிறந்த மண்ணும் புகுந்த மண்ணும்: இப்னு ஹம்தீஸின் இயற்கைக் கவிதைகள்

தாய்நாட்டை நேசிப்பது ஈமானைச் சேர்ந்தது என்னும் பொருள்படும் வாசகமொன்று நம்மிடையே நபிமொழியாகவே வழங்கி வருகின்றது. மேடைப் பேச்சுகளிலும் விழா மலர்களிலும் அதனைப் பரவலாகக் காணலாம். ஆயின் ஹதீஸ் கலை வல்லுநர்கள் அதனை ஏற்கவில்லை. லாகூரில் பிறந்து பக்தாதில் மறைந்த இமாம் ஸகானீ (மறைவு ஹி. 650) அதனை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்தார். இமாம் ஸகாவீ (மறைவு ஹி. 902) அதனை ஒரு ஹதீஸாகத் தாம் காணவில்லை என்றும், எனினும் அதன் பொருள் சரியானதே என்றும் எழுதினார். வாசகம் நிலைபெறாததால் அவ்வுணர்வே மார்க்கத்திற்குப் புறம்பானது என்று முடிவு செய்துவிட முடியாது. இதே பொருளில் ஐயத்திற்கிடமற்ற செய்தி ஒன்று ஸஹீஹுல் புகாரீயில் உண்டு. அச்செய்தியின் நடுவே ஒரு கவிதையும் இருப்பதால் இலக்கியத் திறனாய்வாளரும் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்த நாள்களில் அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) ஆகிய இருவரும் காய்ச்சலில் படுத்தனர். காய்ச்சல் தணியும் வேளைகளில் பிலால் குரலெழுப்பிக் கவிதை பாடினார். இத்கிர், ஜலீல் என்னும் புற்கள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இன்னுமோர் இரவைக் கழிக்கக் கிடைக்குமா, மஜன்னாவின் நீர்த்துறைக்கு மீண்டும் செல்ல வாய்க்குமா, ஷாமா, தஃபீல் மலைகள் இனியும் கண்ணில் படுமா என்பன அதில் வரும் ஏக்கங்கள். இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்கா பிலாலைப் பொறுத்தவரை அடிமைத்தளையும் சித்திரவதையும் நிறைந்த ஊர். தம்மை வெளியேற்றிய மக்கத்துத் தலைவர்களைப் பெயர் சொல்லிச் சபித்ததும் அதே அறிவிப்பில் பதிவாகியுள்ளது. ஆயினும் அந்த ஊரின் புல் அவருக்கு வேண்டியிருந்தது. கொடுமை செய்த மனிதர் வேறு, அவர்கள் காலடியில் கிடந்த நிலம் வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது.

ஆயிஷா (ரலி) இதனைத் தெரிவித்தபோது நபிகளார் (ஸல்) பிலாலைக் கண்டிக்கவில்லை. மக்காவை மறந்துவிடுமாறு சொல்லவுமில்லை. மக்காவை நேசிப்பதைப் போன்றோ அதனினும் மிகுதியாகவோ மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்னும் கருத்தில் துஆச் செய்தார்கள். அதன் ஆரோக்கியத்தையும், அதன் முகத்தலளவைகளில் பரக்கத்தையும் அதற்குப் பின்னரே வேண்டினார்கள். புகுந்த மண்ணின் மீதான அன்பை அளப்பதற்குப் பிறந்த மண்ணின் மீதான அன்பே அங்கு அளவுகோலாயிற்று. முதல் அன்பு அழிந்தால் இரண்டாவதை அளக்கக் கருவியே இல்லாது போகும்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு, இரு நிலங்களில் வாழ்ந்த அரபுக் கவிஞர்களை, குறிப்பாக இப்னு ஹம்தீஸை வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரீச்சையும் மாதுளையும்

அந்தலுஸில் உமையா ஆட்சியை கி.பி. 756இல் நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான் சிரியாவிலிருந்து உயிர்தப்பி வந்தவர். குர்துபாவுக்கு அருகே ஒரு தோட்ட மாளிகை எழுப்பி, தம் பாட்டனார் ஹிஷாமின் சிரிய மாளிகையின் பெயரான ருஸாஃபா என்பதையே அதற்கும் சூட்டினார். அங்கு தனித்து நின்ற ஒரு பேரீச்ச மரத்தைக் கண்டு அவர் பாடியதாக வழங்கும் சில அடிகள் அரபு இலக்கியம் பயிலும் எவருக்கும் அறிமுகமானவை. தன் இனத்தைப் பிரிந்து மேற்கின் கோடியில் நிற்கும் அம்மரத்தில் அவர் தம்மையே காண்கிறார்.

கவிதை உருக்கமானதே. ஆயினும் திறனாய்வு நோக்கில் ஒரு கேள்வி எழுகின்றது. இக்கவிதையில் அந்தலுஸ் எங்கே? குவாதல்கிவீர் ஆறு ஓடும் அவ்வளநாட்டில் கவிஞரின் கண் பட்டது அந்நிலத்துக்கு அந்நியமான ஒரு மரத்தின் மீது மட்டுமே. புகுந்த மண் இங்குப் பழைய முகம் பார்க்கும் கண்ணாடியாக நிற்கின்றது.

அதே ருஸாஃபாவோடு தொடர்புடைய மற்றொரு மரமும் உண்டு. சிரியாவிலிருந்து அமீருக்கு வந்த மாதுளையை ஸஃபர் என்பவர் தம் ஊரில் முளைக்கவைத்துப் பேணி வளர்த்துப் பரப்பினார் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி. அவர் பெயரால் ஸஃபரீ எனப்பட்ட அம்மாதுளையின் பெயர் ஸ்பானிய மொழியில் இன்றளவும் வழங்குகின்றது. பேரீச்சை கவிதையில் அந்நியமாகவே நின்றது; மாதுளையோ மண்ணில் வேரூன்றி அந்நாட்டுப் பழமாயிற்று. பிறந்த மண்ணின் நினைவு இவ்விரு வழிகளில் எதிலும் செல்லலாம்.

இன்னொரு வழியும் உண்டு. அது தமிழ் வாசகர் நன்கறிந்தது. உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் மருத நிலமாக அதனைக் காட்டுகின்றார். இதனைக் குறையாகச் சுட்டுவோரும், தமிழ்க் காப்பிய மரபு என்று அமைதி கூறுவோரும் உளர். நேசத்துக்குரிய மண்ணுக்குத் தம் மொழி அறிந்த அழகையெல்லாம் அணிவிக்கும் விருப்பமே இதன் அடிப்படை எனலாம். ஆனால் புலவரோடு தொடர்புடைய எட்டயபுரம் கரிசல் பூமி. ஆகவே அவர் அணிவித்தது கண்ணால் கண்ட நிலத்தை விடவும் தமிழ்ச் செய்யுள் மரபு தந்த நிலத்தையே. அந்தலுஸ் கவிஞர்களும் ஆறுகளின் கரையில் அமர்ந்துகொண்டு நஜ்தின் மணலையும் கீழைக் காற்றையும் பாடியவர்களே. நிலத்தை நேரே காண்பதற்கு மரபு உதவுவதும் உண்டு, இடையில் நிற்பதும் உண்டு.

இரு சமகாலத்தவர்

இப்னு ஹம்தீஸ் சிசிலித் தீவின் சரகோஸா (சிராக்கூஸ்) நகரில் ஹி. 447 (கி.பி. 1055-56) அளவில் பிறந்தார். அவர் இளைஞராக இருந்தபோதே நார்மானியர் தீவைக் கைப்பற்றத் தொடங்கியிருந்தனர். பலெர்மோ 1072இல் வீழ்ந்தது. 1078-79இல் கவிஞர் தீவைவிட்டு வெளியேறி, இஷ்பீலியாவில் அல்முஃதமிதின் அவையைச் சேர்ந்தார். அவர் புறப்பட்டபோது அவருடைய நகரம் இன்னும் முஸ்லிம்களின் கையில்தான் இருந்தது. 1086இல் அதுவும் வீழ்ந்தது. மீளும் வழி அவர் அந்நிய மண்ணில் இருக்கும்போதே அடைபட்டுவிட்டது. 1091இல் முராபித்துகள் அல்முஃதமிதைப் பதவியிறக்கி மொராக்கோவின் அக்மாத்துக்கு அனுப்பியபோது, தம்மை ஆதரித்தவரைக் கவிஞர் அங்குச் சென்றும் சந்தித்தார். பின்னர் வட ஆப்பிரிக்க அவைகளில் வாழ்ந்து ஹி. 527இல் (கி.பி. 1133) மறைந்தார்.

அவருக்கு ஏறத்தாழ ஒத்த வயதினரான இப்னு கஃபாஜா (கி.பி. 1058–1139) இதற்கு நேர்மாறானவர். பலன்ஸியாவுக்கு அருகிலுள்ள ஷுக்ர் ஆற்றங்கரை ஊரில் பிறந்து, சொந்த நிலபுலன்களோடு வாழ்ந்து, அவ்வூரிலேயே மறைந்தவர். தோட்டக்காரர் என்னும் பொருளில் அல்ஜன்னான் என்றே அவரை அழைத்தனர். போர்க்காலத்தில் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஏங்கினார். நிலைமை சீரானதும் திரும்பிவிட்டார். பிறந்த மண்ணின் அழகைப் பிரிவின்றி நுகர்ந்தவர் அவர். அந்தலுஸைச் சுவனத்துக்கு இணையாக்கும் அளவுக்கு அவருடைய இன்பம் எல்லை கடப்பதும் உண்டு.

இவ்விருவரையும் வகுப்பில் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர்கள் இப்னு கஃபாஜாவை இயற்கைக் கவிஞர் என்றும், இப்னு ஹம்தீஸை ஏக்கக் கவிஞர் என்றும் எளிதாகப் பிரித்துவிடுகின்றனர். பாடநூல்களும் இப்பிரிவினைக்குத் துணைபோகின்றன. சிசிலியைப் பற்றி இப்னு ஹம்தீஸ் பாடியவை மட்டுமே நெஞ்சிலிருந்து வந்தவை, புகுந்த நாடுகளில் அவர் செய்த வருணனைகள் அவைக்களத்துக்குச் செய்த அணிகலன்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. இதனை முழுமையாக ஏற்பதற்கில்லை.

அவைப் புலவருக்குரிய குறை அவரிடம் உண்டு என்பதை மறுக்க முடியாது. பிஜாயாவில் ஹம்மாதிய மன்னர் அல்மன்சூரின் மாளிகையைப் பாடும் அவருடைய கவிதையில் நீர் உமிழும் சிங்கச் சிலைகளும், உலோகத்தால் ஆன மரமும், அதன் கிளைகளில் அமைந்த பறவைகளும் வருகின்றன. வருணனைத் திறன் வியப்பூட்டுவது. எனினும் அங்கு ஓடும் நீர் மன்னரின் புகழுக்காகவே ஓடுகின்றது. இவ்வகைக் கவிதைகளை அணிகலன் என்பது பொருந்தும்.

ஆனால் ஓடையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறுகவிதை இவ்வகையில் சேராது. காற்றால் மெருகேறிய மேனியோடு ஓடும் நீர் கூழாங்கற்களின் கூரிய விளிம்பில் காயமுற்று, தன் வலியைச் சலசலப்பாக முறையிடுவதாக அதில் காண்கிறார். அது எந்த நாட்டு ஓடை என்று கவிதை கூறவில்லை. கூறாமை ஒரு குறையன்று; அதுவே செய்தி. ஓடும் நீரின் ஒலியில் வலியைக் கேட்கும் செவி, சொந்த ஊரை விட்டு ஓடிய ஒருவருக்கு வாய்த்தது. அதே வேளையில் அந்த நீரை அவர் சிசிலியின் நீராக மாற்றிவிடவில்லை. தன்னளவில் அழகிய நீராகவே விட்டுவைத்தார். முதல் அப்துர் ரஹ்மானின் பேரீச்சைக்குக் கிட்டாத மரியாதை இந்த ஓடைக்குக் கிட்டியது. ஆரஞ்சு மரத்தையும் நீரல்லியையும் அவர் பாடியவற்றிலும் இதே உற்றுநோக்கலைக் காணலாம்.

சிசிலிக் கவிதைகளுக்கு வருவோம். சுவனத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அதன் செய்திகளைச் சொல்வதைப் போன்று தம் தீவைப் பற்றி அவர் பேசுகின்றார். அச்செய்திகளில் நிலத்தின் அழகோடு இளமையின் களிப்பும், தந்தையும், உறவினரும் கலந்துள்ளனர். முதுமையில் அவர் இழந்தது ஒரு தீவை மட்டுமன்று, தம் வாலிபத்தையும்தான். இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுகின்றன. ஊரிலேயே இருந்துவிட்ட இப்னு கஃபாஜாவும் முதுமையின் சாயலுள்ள மலைக் கவிதையைப் பாடினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அம்மலை, தன்னிடம் ஒளிந்த குற்றவாளிகளையும் தொழுது நின்ற தவசிகளையும் கடந்து சென்ற பயணிகளையும் எண்ணித் துயருறுகின்றது. ஊரை விட்டு நகராதவரும் பிரிவுக்குத் தப்பவில்லை. மனிதர் அவரை விட்டு நகர்ந்தனர். ஆகவே பிரிவை மட்டும் அடையாளமாக வைத்து ஒருவரை ஏக்கக் கவிஞர் என்றும் மற்றவரை இயற்கைக் கவிஞர் என்றும் பிரிப்பது நிற்காது.

என் வாசிப்பில், சிசிலிக் கவிதைகளும் புகுந்த மண்ணின் கவிதைகளும் ஒரே கண்ணின் இரு பார்வைகள். தீவின் கரையில் பழகிய கண்ணே இஷ்பீலியாவின் ஆற்றையும் பிஜாயாவின் தோட்டத்தையும் கண்டது. முதலாவது இல்லையெனில் இரண்டாவது இத்துணைக் கூர்மை பெற்றிராது. இரண்டாவதை அலங்காரம் என்று ஒதுக்கினால், ஊரிழந்தவர் மகிழ்வதற்கே உரிமையற்றவர் என்னும் தவறான தீர்ப்பை நாம் வழங்கியவர்களாவோம்.

பதிப்பித்தவரின் ஊர்

இக்கவிஞரின் திவானைச் செப்பமாகப் பதிப்பித்து 1960இல் பெய்ரூத்தில் வெளியிட்டவர் பேராசிரியர் இஹ்ஸான் அப்பாஸ். சிசிலியில் அரபுகள் பற்றிய அவருடைய நூலும், அல்மக்கரீயின் நஃப்ஹுத் தீப் பெருந்தொகுப்புக்கு 1968இல் அவர் வெளியிட்ட எட்டுத் தொகுதிப் பதிப்பும் இத்துறையில் இன்றியமையாதவை. அவர் ஹைஃபாவுக்கு அருகிலுள்ள அய்னு கஸால் என்னும் பாலஸ்தீனச் சிற்றூரில் 1920இல் பிறந்தவர். மேற்படிப்புக்காகக் கெய்ரோ சென்றிருந்த வேளையில், 1948இல் அவ்வூர் தகர்க்கப்பட்டது. இப்னு ஹம்தீஸைப் போன்றே, வெளியில் இருக்கும்போது வழி அடைபட்டவர் அவர். கர்த்தூமிலும் பெய்ரூத்திலும் கற்பித்து, 2003இல் அம்மானில் மறைந்தார். 1996இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, மேய்ப்பனின் அந்நியவாழ்வு எனப் பொருள்படும் குர்பத்துர் ராஈ என்று பெயரிட்டார். ஆயினும் அந்த அந்நியவாழ்வு அவரை முடக்கவில்லை. தம் ஊரை இழந்தவர், மற்றொருவர் இழந்த ஊரின் கவிதைகளை ஏடு ஏடாக ஒப்புநோக்கிக் காத்துக் கொடுத்தார்.

இவையெல்லாம் பழங்கதைகள் அல்ல. நம் கடற்கரை ஊர்களில் சபர் சென்றவர் இல்லாத குடும்பம் அரிது. கொழும்பு, பினாங்கு, வளைகுடா என்று மூன்று தலைமுறைகள் சென்று வந்துள்ளன. ஆனால் அங்கு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் அந்நாட்டின் அழகைப் பற்றிக் கேட்டால், பிழைக்கப் போன இடம்தானே என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் ஊரின் வேப்பமரமும் கடற்காற்றும் இருந்தன. பாலையின் விடியலும் பினாங்கின் குன்றும் இடம்பெறவில்லை. ஊரின் மீதான பற்று மெச்சத்தக்கதே. எனினும் பூமியில் பயணம் செய்து படைப்பைப் பார்க்குமாறு திருக்குர்ஆன் கூறுவது, பிறந்த ஊரின் எல்லையோடு நின்றுவிடும் கட்டளையன்று. உண்டு உடுத்து வாழ்ந்த மண்ணைக் கண் திறந்து பாராமல் கடப்பது நன்றியுணர்வில் ஏற்படும் குறைவு என்றே கூற வேண்டும்.

பயணத்திலிருந்து மீளும்போது மதீனாவின் மதில்கள் கண்ணில் பட்டால், அவ்வூரின் மீதுள்ள நேசத்தால் நபிகளார் (ஸல்) வாகனத்தை விரைந்து செலுத்துவார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கின்றார். உஹுத் மலையைக் கண்டபோது, அது நம்மை நேசிக்கின்றது, நாமும் அதனை நேசிக்கின்றோம் என்னும் கருத்தைச் சொன்னார்கள். ஹம்ஸா (ரலி) உள்ளிட்ட ஷஹீதுகள் அடக்கமாகியிருப்பது அம்மலையின் அடிவாரத்தில்தான். பிலாலுக்கு வேதனை தந்த ஊரின் புல்லும், துயரம் நிகழ்ந்த இடத்தின் மலையும் நேசத்துக்குரியனவாகவே நிலைத்தன. மக்காவின் மீதான அன்பு குறையாமலேயே மதீனாவின் மலை நேசத்துக்குரியதாயிற்று. இப்னு ஹம்தீஸின் திவானை இவ்வொளியில் வாசிப்போர் அதன் சிசிலிப் பக்கங்களோடு மற்றப் பக்கங்களையும் உரிய மதிப்போடு வாசிப்பர்.