கிரிவலம் என்னும் நிதான நடை

முதல் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டில் அமெரிக்கரின் ஓய்வுநேரம் வேகத்தின் வசப்பட்டது. 1927-க்குள் ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களை உற்பத்தி செய்த ஃபோர்டு நிறுவனமும், வானொலியும், ஜாஸ் இசையும் நடுத்தர வகுப்பாரின் மாலைப்பொழுதை அடியோடு மாற்றின. அந்த ஆரவாரத்தில் ஒட்டாமல், வந்த வேலையையும் மறுத்து அலையும் லாரி என்னும் போர் விமானியைச் சாமர்செட் மாம் 1944-இல் வெளியான 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் படைத்தார். 1938-இல் மாம் திருவண்ணாமலையில் கண்ட ஞானி ரமணரே அதில் வரும் குருவுக்கு முன்மாதிரி.

லாரி நாடிய ஓய்வுக்கு இவ்வூரில் பழைய வடிவமொன்று உண்டு. கிரிவலம், அதாவது அண்ணாமலையை வலமாகச் சுற்றும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வெறுங்கால் நடை, வழிபாடு என்றே அறியப்பட்டாலும், பொழுதை நிதானமாகச் செலவிடும் கலையாகவும் அதை ரசிக்கலாம். நிறைமாதக் கர்ப்பிணியான அரசியைப்போல் நடக்கவேண்டும் என்பது ரமணர் சொன்ன இலக்கணம். 1926 வரை அவரும் அன்பர்களோடு, வழியில் தங்கிச் சமைத்து உண்டு, நாள்கணக்கில்கூடச் சுற்றிவந்தார். இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுத் திசைக்கும் ஒவ்வொன்றாக அமைந்த அஷ்டலிங்கச் சன்னதிகள் நடையை இடையிடையே நிறுத்துகின்றன. நடப்பவர் நகர நகர மலையும் உருமாறி, குபேரலிங்கத்துக்கு அருகில் ஐந்து முகடுகளாக விரிகிறது. மெல்ல நடப்பவருக்கே இம்மாற்றம் புலப்படும். நெரிசலில் தள்ளப்பட்டு விரைகிற பௌர்ணமிக் கூட்டத்துக்கு அது பெரும்பாலும் கிட்டுவதில்லை. மலையைப் பார்க்கவும் விரும்புவோர், பௌர்ணமி அல்லாத ஒருநாள், வெயிலேறித் தார்ச்சாலை சுடுவதற்குமுன் புறப்படுவதே நல்லது.