தொண்டி: பெயரொற்றுமையும் வரலாற்றுப் பொருளும்

1

ஊர்ப்பெயராய்வு தமிழியலின் கிளைத்துறைகளுள் ஒன்றாக நெடுங்காலமாகவே நிலைபெற்றுள்ளது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ (1946) வெளிவந்த காலந்தொட்டு, ஊர்ப்பெயர்களைச் சொற்பிறப்பு நோக்கிலும் இலக்கியச் சான்று நோக்கிலும் ஆராயும் முயற்சிகள் பல தோன்றியுள்ளன. அவற்றின் பயனை எவரும் மறுத்தற்கில்லை. எனினும், ஒரே பெயர் பல இடங்களுக்கு வழங்குமிடத்து, “இலக்கியம் கூறும் ஊர் எது?” என்ற வினாவுடன் பெரும்பாலான ஆய்வுகள் அமைந்துவிடுகின்றன. அவ்வூரில் உழைத்தோர் யாவர், அவ்வுழைப்பின் பயனைத் துய்த்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இக்குறைபாட்டைத் தொண்டி என்னும் பெயரை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுதலாக அமைந்தது ஏட்டுச்சுவடி எதுவுமன்று. ஒரு வகுப்பறை வினாவே. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐங்குறுநூற்றின் தொண்டிப்பத்தினைப் பாடஞ்சொல்லிக் கொண்டிருந்தோம். அவ்வேளை பன்விலப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த மாணவி ஒருவர் எழுந்து, “எங்க அப்பாயியோட பாட்டி படகேறி வந்த தொண்டியும் இதுதானா சேர்?” என்று வினவினார். “இல்லை, இது சேரரின் தொண்டி. மேலைக் கடற்கரையிலுள்ளது. நீங்கள் குறிப்பிடுவது இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி” என்று விடையிறுத்துப் பாடத்தைத் தொடர்ந்தோம். அவ்விடை சரியானது, ஆயினும் போதாதது. அப்போதாமை எத்தகையது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

2

முதலில் பெயரின் பரப்பினை நோக்குவோம். சங்க இலக்கியம் பெருமளவு போற்றும் தொண்டி சேரரின் துறைமுகமாகும். கிரேக்க மொழியிலமைந்த ‘செங்கடற் பயண நூல்’ இதனைத் திண்டிஸ் எனக் குறிக்கின்றது. கடலோரத்து ஊர் என்றும், சேர நாட்டைச் சார்ந்தது என்றும், முசிறிக்கும் இதற்கும் இடைத்தொலைவு ஐந்நூறு ஸ்தாதியம் என்றும் கூறுகின்றது. கடலுண்டி, பொன்னானி, தானூர் முதலிய இடங்களோடு இதனை இனங்காண ஆய்வாளர் முயன்றுள்ளனர். தாலமியோ திண்டிஸ் என்னும் பெயரை மேலைக்கரை நகருக்கு மட்டுமன்றிக் கீழைக்கரை ஆறொன்றின் முகத்துவாரத்துக்கும் தருகின்றார்.

மற்றைய தொண்டி பாக்குக் குடாவின் கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் இன்றும் அப்பெயருடனேயே விளங்குகின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, தொண்டியோர் கலங்களில் அனுப்பிய அகிலையும் துகிலையும் சந்தனத்தையும் கருப்பூரத்தையும் கொண்டற் காற்றுச் சுமந்து வருவதாகக் கூறும். கொண்டல் கீழ்க்காற்றாதலின் இத்தொண்டி கீழ்க்கடலைச் சார்ந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகுவின் படை பாண்டி நாட்டினுட் புகுந்து போரிட்ட இடங்களுள் ஒன்றாகச் சூளவம்சம் தொண்டியைக் குறிப்பிடுகின்றது. எனவே ஈழத்து வரலாற்றேடுகளுக்கும் இப்பெயர் புதியதன்று.

இனித் தொண்டி என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று. கள்ளுக்கும் அப்பெயருண்டு; துளைக்கும் உண்டு. தொள், தொளை, தொண்டை ஆகிய சொற்களோடு வைத்து நோக்கின், நிலத்தைத் துளைத்துக்கொண்டு கடல் உட்புகும் கழிமுகத்தையே இச்சொல் முதலிற் குறித்திருத்தல் கூடும் என்பது எமது கருத்து. அவ்வாறாயின் ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு கரைகளில் ஒரே பெயர் வழங்குவதில் வியப்பில்லை. ஒத்த நிலவமைப்பு ஒத்த பெயரைப் பெற்றது என்க. மலையாளத்திலோ தொண்டி என்பது களவாடப்பட்ட பொருளையும், அது கைப்பற்றப்பட்டு நீதிமன்றத்திற் சான்றாக வைக்கப்படும் நிலையையும் உணர்த்தும். இப்பொருள்களை எல்லாம் ஒரே வேரிற் கட்டிவிட முயல்வது சொற்பிறப்பியலாகாது, விளையாட்டாகும். எனினும், துறைமுகம், கள், துளை, களவுப்பொருள் என்பவை ஒரே ஒலிவடிவிற் குவிந்திருப்பது, துறைமுகங்களின் வரலாற்றைப் பயில்வோர் மறக்க முடியாத தற்செயலே.

3

ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறினைப் பாடியவர் அம்மூவனார். அதன் எட்டாம் பத்தாகிய தொண்டிப்பத்து (171–180) அந்தாதித் தொடையால் அமைந்தது. அலையொலியும் முழவொலியும் கலந்து தெருத்தோறும் ஒலிக்கும் ஊராகத் தொண்டி அறிமுகமாகின்றது. தலைவியின் தோளுக்கும் நலத்துக்கும் அவ்வூரே உவமை. அவளைக் கண்டு மீண்ட தலைவன், கடலலை போல இரவிலும் துயிலறியாதவனாகின்றான். நயங்காணும் மரபிலே இவை யாவும் நன்கு விளக்கப்பட்டுள்ளன. ஆயின் பத்தின் இறுதிப்பாட்டில் வரும் காட்சி ஊன்றி நோக்கற்பாலது. பறக்குந் திறனிழந்த முதிய குருகு ஒன்று, வலைவர் கொணர்ந்த கொழுமீனை உணவாகக் கொண்டு துறையிலே தங்கியிருக்கின்றது. விரைவில் வரைந்து கொள்ளுமாறு தலைவனை வற்புறுத்தும் தோழி கூற்றில் இது உள்ளுறையாக நிற்கின்றது. உழைப்பவர் வலைவர்; உண்பது குருகு. பிறர் உழைப்பில் வாழ்தல் என்பது அகப்பாடலின் இயற்கை வருணனையினூடே புலப்படும் இடம் இது. புலவர் இதனை எதிர்ப்புணர்வோடு கூறினார் என நாம் வாதிடவில்லை. கண்டதைக் கூறினார், கண்டது சமுதாய உண்மையாக இருந்தது.

அதே புலவர் அகநானூற்றின் பத்தாம் பாடலிலும் தொண்டியைத் தலைவியின் நலத்துக்கு உவமையாக்குகின்றார். அங்கே பரதவர் தாம் பிடித்த சுறாமீனைப் பாக்கத்தில் உள்ளோர்க்குப் பகுத்துக் கொடுக்கின்றனர். அவ்விடத்துப் பிடிபட்ட மீன் ‘கொண்டி’ எனப்படுகின்றது. கொண்டி என்பது போரிற் கொள்ளும் கொள்ளைப் பொருளுக்கும் பெயராகும். மன்னன் கொண்டியைத் தன் பண்டாரத்திற் சேர்ப்பான். பரதவர் கொண்டியைப் பாக்கத்திற் பகுப்பர். ஒரே சொல் இருவேறு சமுதாய உறவுகளைக் குறிக்குமாறு இதனால் விளங்கும்.

இவற்றோடு பொய்கையார் பாடலை ஒப்பிடுதல் வேண்டும். நற்றிணை 18ஆம் பாடலில் தொண்டியின் கோட்டைக் கதவு காட்டப்படுகின்றது. அக்கதவிலே மூவன் என்பானின் பற்கள் பிடுங்கி அழுத்தப்பட்டுள்ளன. அதே பொய்கையார் புறநானூறு 48ஆம் பாடலில், மாலைகளாலும் கழியில் மலர்ந்த நெய்தலாலும் கள் மணக்கும் தொண்டியே எம் ஊர் என்றும், சேரனே எம் இறைவன் என்றும் பெருமிதங் கொள்கின்றார். ஈண்டுக் கள் என்பது தேனைக் குறிக்கும் என்பதே நேரிய பொருள். ஊர்ப்பெயரோடு அதனைப் பிணைத்துச் சிலேடை காண்பது வலிந்து கொள்வதாகும். நாம் கவனிக்க வேண்டியது பிறிதொன்று. மணம் வீசும் துறையும் பற்கள் பதித்த கதவும் ஒரே ஊரின் இரு முகங்கள். பகுத்துண்ணும் பாக்கம் கழியோரத்தில். வென்றோரின் கதவு கோட்டையில். ஆகவே தொண்டிகள் இரண்டு என்பது உண்மையே. ஆனால் அவ்விரண்டும் மேலைக்கரையிலும் கீழைக்கரையிலும் மட்டும் இல்லை. சேரர் தொண்டிக்குள்ளேயே இரண்டு தொண்டிகள் உள்ளன.

4

இப்பார்வையோடு மாணவியின் தொண்டிக்கு வருவோம். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. அதனையடுத்த பதிற்றாண்டுகளிற் கோப்பிச் செய்கை மலைநாட்டிற் பரவியது. பன்வில, மடுல்கலை, நக்கிள்ஸ் மலைச்சாரல் ஆகிய பகுதிகள் பெருந்தோட்டங்களாயின. இதற்கு வேண்டிய உழைப்பாளர் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்டனர். தொண்டி, அம்மாபட்டினம், பாம்பன் முதலிய துறைகளிற் படகேறி மன்னார்க் கரையில் இறங்கினர். காட்டு வழியாக நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

கோப்பிக் காலத்தில் அறுவடைப் பருவத்துக்கு வந்து மீள்வோரே மிகுதி. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தொடங்கிய தேயிலைச் செய்கை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆதலாற் குடும்பத்தோடு நிலையாகத் தங்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். பெண்களும் பெருந்தொகையாகக் கடல் கடந்தனர். மாணவியின் முன்னோராகிய அப்பெண்ணின் பயணம் தனிப்பட்ட ஒருவரின் துணிவோ விதியோ அன்று. பயிர் மாற்றத்தின் விளைவாகும்.

கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் உணவுச் செலவும் தொழிலாளியின் கணக்கிற் கடனாக எழுதப்பட்டன. படகிற் கால் வைக்குமுன்பே அவர் கடனாளியாயினார். தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லக் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ தேவைப்பட்டது; அம்முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. சிலப்பதிகாரத்துத் தொண்டியிலிருந்து அகிலும் துகிலும் சென்றன. 19ஆம் நூற்றாண்டுத் தொண்டியிலிருந்து சென்ற சரக்கு உழைப்புச் சக்தியாகும். முன்னைய சரக்கைப் பாடக் காப்பியப் புலவர் இருந்தார். பின்னைய சரக்கு தன்னைத் தானே பாடிக்கொண்டது. அப்பாடல்களுட் பலவற்றை சி. வி. வேலுப்பிள்ளை திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ (1983) எனும் தொகுப்பாக வழங்கினார். கடற்கரை பற்றிய தமிழிலக்கிய வரலாற்றினுள் அப்பாடல்களுக்கு நாம் இன்னும் இடமளிக்கவில்லை.

5

ஈண்டு இரு தவறான போக்குகளைச் சுட்டுதல் வேண்டும். ஒன்று, பெயரொற்றுமையைக் கண்டு உணர்ச்சிவயப்பட்டு, சங்கத் தொண்டியே நம் முன்னோர் படகேறிய தொண்டி எனக் கூறுவது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பழம்பெருமை ஒன்றைத் தேடிக் கொடுப்பதாக இது தோன்றலாம். பொய்யான வரலாறு யாருக்கும் விடுதலை தருவதில்லை. தமக்கென உள்ள உண்மையான வரலாற்றையும் அது மறைத்துவிடும். சேரர் அரண்மனைப் பெருமையை இரவல் பெறவேண்டிய தேவை தேயிலைத் தொழிலாளரின் வாரிசுகளுக்கு இல்லை.

மற்றது, நாம் அன்று வகுப்பறையிற் செய்தது. வேறு தொண்டி என வரையறுத்து, அதனாலேயே பாடத்துக்குப் புறம்பானது எனத் தள்ளிவிடுவது. இடவேறுபாட்டை நிறுவுவது ஆய்வாளனின் கடமை. அக்கடமை முடிந்த இடத்தில் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதுவது வர்க்கச் சார்புடைய மௌனமாகும். மார்க்சிய விமரிசகர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். திணைக் கோட்பாட்டின் பொருளாதார அடித்தளத்தை விரிவாக எழுதினோம். ஆனால் நெய்தலிற் படகேறிக் குறிஞ்சியிற் குடியேற்றப்பட்ட இலட்சக்கணக்கானோரின் சொல்வழக்கை, அவர்கள் மலைகளுக்கும் தோட்டங்களுக்கும் இட்ட பெயர்களைத் தொகுக்க முயன்றோமல்லோம்.

பன்வில என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். சிங்களத்திற் ‘பன்’ என்பது பாய் முடையும் கோரை. ‘வில’ என்பது நீர்நிலை. கோரை வளர்ந்த நீர்நிலையை அறிந்திருந்த சிங்களக் குடியானவர் வாழ்வின் தடம் அப்பெயரிலுள்ளது. அதற்கு மேலே எழும் தும்பறை மலைகளுக்கு, மடக்கிய கைவிரல் முட்டிகளை நினைந்து நக்கிள்ஸ் எனப் பெயரிட்டனர் ஆங்கிலேயர். தோட்டங்களுக்குத் துரைமார் இட்ட பெயர் ஒன்று. தொழிலாளர் தம் நாவில் வழங்கிய தமிழ்ப்பெயர் பிறிதொன்று. நிலமிழந்த குடியானவர், நிலத்தைக் கைக்கொண்டோர், நிலத்தில் உழைத்தோர் என முத்திறத்தாரின் பெயர்களும் ஒரே மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. முதலிரண்டும் வரைபடங்களில் ஏறியுள்ளன. மூன்றாவது பெரும்பாலும் முதியோர் வாய்மொழியிலேயே தங்கியுள்ளது. அவர்களோடு மறைந்து வருகின்றது.

பெயர் பதியப்படாமையின் விளைவு மொழியியல் எல்லைக்குள் நிற்பதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. முன்னோர் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்ட அரசின் முன், படகேறிய துறையின் பெயரும் நடந்த வழியின் நினைவுமே பலரிடம் இருந்தன. அவை சான்றாக ஏற்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மூவனார் காட்டும் பாக்கத்திற் பகுக்கப்பட்டது மீன். இங்கே பகுக்கப்பட்டோர் மனிதர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக்கு வழிசெய்யும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

6

2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் வருகைக்கு இருநூறு ஆண்டுகள் நிறைவெய்தியதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் நடந்த வழியை வழித்தோன்றல்கள் மீண்டும் நடந்தனர். தமிழியல் ஆய்வு செய்யத் தவறிய ஊர்ப்பெயராய்வினை அவர்கள் தம் கால்களாற் செய்தனர் எனலாம்.

பல்கலைக்கழகங்கள் இனிச் செய்யவேண்டுவன தெளிவானவை. பன்வில போன்ற பகுதிகளின் தோட்டப் பெயர்களும் மலைப் பெயர்களும் லயங்களில் வழங்கும் பெயர்களும், முதியோர் நினைவிலுள்ள துறைப் பெயர்களும் வழிப் பெயர்களும் முறையாகத் தொகுக்கப்படல் வேண்டும். அப்பணிக்கு மிகத் தகுதியானோர் அத்தோட்டங்களிலிருந்தே வரும் மாணவர்கள். சங்க இலக்கியப் பாடமும் அத்தொகுப்பும் தனித்தனிப் பாடங்களாக இருத்தல் கூடாது.

அம்மாணவியின் வினாவுக்கு இன்று விடைகூறின், முதல் வாக்கியம் அன்று கூறியதாகவே இருக்கும்: இல்லை, அது வேறு தொண்டி. ஆயின் அங்கே நிறுத்தமாட்டோம். சேரர் தொண்டியிலே மீனைப் பகுத்த பரதவரையும் குருகுக்கு இரையளித்த வலைவரையும் காட்டுவோம். அதன்பின் அப்பாயி சொன்ன தொண்டியைப் பற்றி அவரே வகுப்புக்கு எடுத்துரைக்குமாறு கேட்போம்.