எண்ணெய் பரோட்டா: நான்குவழிச்சாலையிலா, ஊருக்குள்ளா?

விருதுநகரை அடுத்த சூலக்கரையில் சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியால் வெளியூர்ச் சனமும் விருதுநகருக்கு நிறைய வருகிறது. இந்தப் பக்கம் போகிற நான்குவழிச்சாலையில் 'விருதுநகர் எண்ணெய் பரோட்டா' என்ற போர்டுக்குக் குறைவே இல்லை. காரில் போகிறவர்கள் அதை நம்பி இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கா இவ்வளவு பேரு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த ஊர்ப் பரோட்டாவைத் தின்று வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கிறது. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் தட்டுக்கு வந்தது அப்படி.

எண்ணெய் பரோட்டாவின் தொழில்நுணுக்கம் கல்லில்தான் இருக்கிறது. சாதா பரோட்டாவுக்குத் தட்டையான கல் போதும். இதற்கு நடுவில் குழிந்த கல் வேண்டும். குழியில் எண்ணெய் தேங்கி நிற்க, உள்ளங்கை அகலத்தில் தட்டிய சின்னப் பரோட்டாக்கள் அதில் அரை முழுக்காகக் கிடந்து வேகும். பொன்னிறம் வந்ததும் மாஸ்டர் அவற்றைக் கரண்டியால் கல்லின் மேட்டுக்குத் தள்ளி, எண்ணெய் வடியவிடுகிறார். பிறகு நாலைந்தைச் சேர்த்து வைத்து, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிக்கிறார். அந்த அடியில் அடுக்குகள் விட்டுக்கொடுத்து உள்ளே இருக்கும் ஆவி வெளியேறும். ஆவி போனால்தான் மேலே மொறுமொறுப்பு நிற்கும், உள்ளே மெத்தென்று இருக்கும். பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றும்போது பாதி ஊறி, பாதி மொறுமொறுப்பாகவே வாய்க்கு வர வேண்டும். இந்தப் பரோட்டாவை எடைபோட இதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த மொறுமொறுப்புக்கு ஆயுசு அதிகம் இல்லை. கல்லைவிட்டு இறங்கிப் பத்து நிமிடம் போனால் மேல்தோல் தொய்ந்துவிடும். இருபது நிமிடத்தில் ரப்பராக இழுக்கும். சாலையோரக் கடைகள் தோற்பது இந்த இடத்தில்தான். எப்போது எந்த வண்டி வந்து நிற்கும் என்று அவர்களால் கணிக்க முடியாது. ஒரு பஸ் நின்றால் ஐம்பது பேர், அடுத்த ஒரு மணி நேரம் ஈ, காக்கை இருக்காது. அதனால் முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்து, ஆள் வந்ததும் இன்னொரு முறை எண்ணெயில் முக்கி எடுத்துத் தருகிறார்கள். இரண்டாம் முறை முக்கிய பரோட்டா எண்ணெயைக் குடித்துவிடும். இலையில் வைத்த இடத்தில் எண்ணெய் கசிந்து வட்டம் போடும். மாஸ்டருக்குக் கை வராததால் நேர்கிற குற்றமில்லை இது. கடை இருக்கும் இடமும் அதன் வியாபாரமும் அப்படி.

ஊருக்குள் கதை வேறு. சாயங்காலம் ஆறு ஆறரைக்குக் கல்லைப் பற்றவைத்தால் கூட்டம் ஓயும் வரை கல்லில் இடம் காலியாகாது. வெளியூர்க்காரர்கள் பெயர் சொல்லித் தேடி வருவது பர்மா கடையை. அந்தப் புகழ் அதற்குத் தகும். பரோட்டாவுக்குத் துணையாக அங்கே வருகிற மட்டன் வகைகள் பரோட்டாவையே பின்னுக்குத் தள்ளக்கூடியவை. ஆனால் பரோட்டாவை மட்டும் தனியாக எடுத்து வைத்து ஒப்பிட்டால், பேருக்குப் போர்டுகூட இல்லாமல் நாலு பெஞ்சு போட்டு நடக்கும் தெருமுனைக் கடைகள் சிலவும் அதற்குச் சமமாக நிற்கின்றன. அப்படி ஒரு கடையில் தட்டில் பத்துப் பரோட்டா மிச்சமிருக்கும்போது கேட்டேன். மாஸ்டர் அதைத் தொடவில்லை. "அண்ணே, செத்த பொறுங்க, சூடா போட்டுத் தாரேன், அதெல்லாம் கொத்துக்கு" என்றார். ஆறிய பரோட்டாவைக் கொத்துப் பரோட்டாவுக்கு ஒதுக்குகிற அந்த ஒழுங்கு எந்தக் கடையில் இருக்கிறதோ, அது நல்ல கடை.

உடம்புக்குக் கேடு என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மைதா, அதுவும் பொரித்த மைதா. தினம் தின்கிற பண்டம் இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மைதாவைவிட நான் கவனிப்பது எண்ணெயின் வயதை. எண்ணெய் வித்து வியாபாரத்தில் பேர்போன ஊர் இது, இதயம் நல்லெண்ணெய் புறப்பட்ட ஊர். இங்கேயே பல கல்லில் இன்று ஓடுவது பாமாயில். விலை அப்படி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைப் பொறுக்க முடியாது. எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதித்த வரம்பு, 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம் சட்டைப்பையில் இருக்காது. கல்லைப் பார்த்தால் ஓரளவு தெரியும்: எண்ணெய் கறுத்து, ஓரத்தில் நுரை அடங்காமல் நின்று, கிட்டப் போனதும் காறல் வாடை அடித்தால் திரும்பிவிட வேண்டும்.

இதிலும் கூட்டம் உள்ள கடைக்கே ஒரு அனுகூலம் இருக்கிறது. ஒவ்வொரு ஈட்டுப் பரோட்டாவும் கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு போகும். மாஸ்டர் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருந்தாக வேண்டும். வியாபாரம் மந்தமான கடையில் அதே எண்ணெய் ராத்திரி முழுக்கக் கொதித்துக் கிடக்கும். கூட்டத்தை வைத்து ருசியைத் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த ஒரு பண்டத்துக்குக் கூட்டமே தரத்தின் பாதி.

நல்ல கடைகளிலும் குறை உண்டு. பார்சல் ஒன்று. சூட்டோடு பொட்டலம் கட்டினால் பரோட்டா தன் ஆவியிலேயே வெந்து தளர்ந்துவிடுகிறது. சால்னாவை இன்னும் பாலித்தீன் பையில் கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கொதிக்கும் காரக் குழம்பு அந்தப் பையில் இறங்குவதைப் பார்க்கவே சகிக்கவில்லை. சைவக்காரர்களுக்கு நடப்பது இன்னொன்று. பல கடைகளில் அவர்களுக்குக் கிடைப்பது பேருக்கு ஒரு குருமா. எலும்புச் சாறு இறங்கிய சால்னாவுக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக்கூட அதற்குக் காட்டுவதில்லை.

தூத்துக்குடியிலும் பொரித்த பரோட்டா உண்டு. செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் தின்ன மைல் கணக்கில் வண்டி கட்டி வருகிறார்கள். அங்கெல்லாம் கோழிக்காகப் போகலாம். பரோட்டாவுக்காக மட்டும் ஒரு ஊருக்குப் போவது என்றால் விருதுநகர்தான் என்று தயங்காமல் சொல்வேன், ஆனால் ஊருக்குள் வந்தால் மட்டும். சூலக்கரைப் பக்கம் சாலையோரத்தில் மதியம் பசித்தால் சோறு சாப்பிடுங்கள். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் பரோட்டா வேண்டாம். இருட்டும் வரை பொறுத்து, சாலையைவிட்டு ஊருக்குள் திரும்பி, கல் கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சனிக்கிழமை சம்பள நாள், ஞாயிறு கறி நாள். அந்த இரண்டு நாளும் ஏழரை மணிக்குள் போய்விடுவது நல்லது. ஒன்பதரைக்கு மேல் சால்னாவில் தண்ணீர் சேர ஆரம்பித்துவிடும்.