யந்திரமும் அநுமதியும்: ராஜாஜியின் கர்ம விளக்கம் குறித்து ஒரு விசாரம்

ஓசூருக்கு அண்மையிலுள்ள தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த ராஜாஜி, இந்து சமயம் பற்றி 1959-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில், கர்மத்தைக் காரண காரிய நியதியாக விளக்கினார். கர்மக் கொள்கை மனித முயற்சியை முடக்கும் விதிவாதம் அன்று என்பது அவர் துணிபு. நம் தத்துவத்தின் மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க இவ்வாதம் பெரிதும் உதவிற்று. ஆயினும் நியதியை மட்டும் முன்னிறுத்தினால், அதனை நடத்துபவனுக்கு இடம் எங்கே என்னும் வினா எழுகின்றது.

கர்மம் அசேதனம், செய்த கணமே அழிவது. அது காலாந்தரத்தில் தானே பலன் தரவல்லதன்று. ஆராதிக்கப்பட்ட பரமபுருஷனே பலன் அளிக்கிறான் என்று பிரஹ்மஸூத்ரம் 3.2.37-இன் பாஷ்யத்தில் எம்பெருமானார் அருளிச்செய்கிறார். புண்ணிய பாபங்கள் அவனுடைய உகப்பும் வெறுப்புமே என்பது நம் ஸித்தாந்தம். ஆகவே கர்மம் தானே சுழலும் சக்கரம் அன்று.

அங்ஙனமாயின், எல்லாம் அவன் செயல் என்று ஜீவன் கைகட்டி இருக்கலாமோ? பராயத்தாதிகரணம் (2.3.40-41) இதற்கு விடை கூறும். ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவிடமிருந்தே வருகின்றது; எனினும் ஜீவன் செய்யும் முதல் முயற்சியை எதிர்பார்த்து, அதற்கு அநுமதி தந்து அவன் நடத்துகிறான். இல்லையேல் விதி நிஷேத சாஸ்த்ரங்கள் பயனற்றொழியும். இருவருக்குப் பொதுவான பொருளை ஒருவன் பிறனுக்குக் கொடுக்க விரும்பினால் மற்றவன் அநுமதி வேண்டும். ஆயினும் கொடையின் பலன் முயன்றவனுக்கே என்பது அங்குக் காட்டிய உவமை. தொழிற்பேட்டைகள் பரந்துவரும் ஓசூர்ப் பக்கத்தில் கூட்டுப்பட்டா நிலத்தை விற்க முற்பட்ட பங்காளிகளுக்கு இதை விளக்கவே வேண்டா. ஆனால் பங்காளிகள் சமமானவர்கள். ஜீவனோ சேஷபூதன், பொருள் முழுதும் அவனுடையதே. எனவே உவமையை அநுமதி என்னும் ஓரம்சத்தில் மட்டுமே கொள்ளல் தகும்.

ஸ்ரீகீதையும் இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறது. 18.61-இல் யந்திரத்தில் ஏற்றப்பட்டவைபோல் உயிர்களை ஈச்வரன் சுழலச் செய்கிறான். ப்ரக்ருதியின் பரிணாமமான உடலே அந்த யந்திரம் என்பது பாஷ்யம். 18.63-இலோ, முழுதும் ஆராய்ந்து விரும்பியபடி செய் என்று அர்ஜுனனிடமே விடப்படுகிறது. முன்னதை மட்டும் படித்தவன் விதிவாதி ஆவான். பின்னதை மட்டும் படித்தவன் தன்னை ஸ்வதந்த்ரன் என மயங்குவான்.

இது ஏட்டளவில் நிற்கும் விசாரம் அன்று. ஆலையில் தடுப்பு நீக்கப்பட்ட பிரஸ் இயந்திரத்தில் ஒரு தொழிலாளி விரல்களை இழந்தால், "அவன் தலைவிதி" என்னும் சொல் எளிதில் எழுகின்றது. 18.14 செயலுக்கு ஐந்து காரணங்களை எண்ணுகிறது. தைவம் அவற்றுள் ஐந்தாவது. தைவம் என்பது அந்தர்யாமியான பரமாத்மாவே, அவனே ப்ரதான காரணம் என்பது பாஷ்யம். ஆயினும் கர்த்தா முதலிய ஏனைய நான்கும் அதனால் மறைந்துவிடுவதில்லை. தடுப்பை நீக்கியவன் ஒரு கர்த்தா; அவன் முயற்சி அவனுடையது; பலனும் அவனையே சாரும். எம்பெருமானுடைய அநுமதியைத் தன் பிழைக்குக் கேடயமாக்குவது, மேற்கூறிய உவமையைத் தலைகீழாக்குவதாகும்.

துன்புற்றவனுக்கும் இங்கு ஆறுதல் உண்டு. வெறும் நியதியிடம் முறையிட இயலாது. அதற்குச் செவியுமில்லை, பொறுத்தலுமில்லை. பலன் தருபவன் தயையுடைய ஒருவன் என்பதனாலேயே சரணாகதிக்கு இடம் உண்டாயிற்று. ராஜாஜி முயற்சியின் பெருமையைக் காத்தார். அம்முயற்சிக்கு அநுமதி தந்து, பிழைத்தபோது பொறுக்கவும் வல்லவனை அதனோடு சேர்த்துக் காண்பதே ஸ்ரீபாஷ்யம் காட்டும் நெறி.