முகம் வெந்தவருக்கெல்லாம் குழாயா?

முகம் வெந்து வருபவருக்கு, மூச்சுப்பாதை அடைபடும் முன்பே தொண்டை வழியே குழாய் செலுத்திவிட வேண்டும் என்பது தீக்காய மயக்கவியலில் வேரூன்றிய வழக்கம். அதற்கு வலுவான காரணம் உண்டு. அடைத்த அறையில் சூடான புகையை உள்ளிழுத்தவருக்குக் குரல்வளையைச் சுற்றிய திசு மணிக்கணக்கில் வீங்கிக்கொண்டே போகும். உயிரைக் காக்க ஏற்றும் திரவமே அந்த வீக்கத்தைக் கூட்டவும் செய்யும். திரவ அளவைக் கணிக்கும் பார்க்லேண்ட் சூத்திரப்படி, 60 கிலோ எடையும் 40 சதவீதத் தீக்காயமும் உள்ளவருக்கு 24 மணி நேரத்தில் 9.6 லிட்டர் தேவை. அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலேயே. காலையில் தெளிவாகப் பேசியவருக்கு மாலையில் குரல்நாண்களே கண்ணில் படாமல் போகலாம். அதன்பின் கழுத்தைத் திறப்பதுதான் வழி; அந்தக் கழுத்தும் பல வேளைகளில் வெந்திருக்கும்.

ஆனால் இந்த நியாயமான அச்சம், 'சந்தேகம் வந்தால் குழாய் போடு' என்ற கண்மூடி விதியாக மாறியதை என்னால் ஏற்க முடியவில்லை. தீக்காய மையங்களுக்கு மாற்றப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அவர்களுக்குப் போடப்பட்ட குழாய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேவையற்றவை என்றது. கருகிய மூக்குமுடி குரல்வளையின் நிலையைச் சொல்லாது. திறந்தவெளியில் குப்பென்று எழுந்த தீயும் அதைக் கருக்கிவிடும். கம்மிய குரலும், மூச்சை இழுக்கும்போது எழும் இரைச்சலும்தான் உண்மையான எச்சரிக்கைகள். தேவையில்லாத குழாயோ மயக்க மருந்தையும் வென்டிலேட்டரையும் நிமோனியாவையும் கூட்டி வரக்கூடும். தீக்காய வழக்குகளில் மரண வாக்குமூலம் பெரும் எடை பெறும் நம் நாட்டில், வெந்து வந்த ஒரு பெண்ணின் பேச்சைக் குழாயால் அடைப்பது மருத்துவத்தோடு முடிந்துவிடுகிற காரியமும் அல்ல.

காத்திருந்து தவறவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி உண்மையானது. வளையும் எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே விட்டுக் குரல்வளையை நேரில் பார்ப்பதும், சில மணி நேரத்தில் மறுபடி பார்ப்பதுமே அதற்கு விடை; பார்க்காமல் காத்திருப்பது கண்காணிப்பு ஆகாது. ஒரு நாள் கடந்தால், குழாய் போடத் தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் பொட்டாசியத்தை ஏற்றி இதயத்தையே நிறுத்தக்கூடும் என்பார்கள். அது சரி, ஆனால் மாற்று மருந்தாக ரோக்குரோனியம் இருக்கையில் அது அவசரத்துக்குக் காரணமாகாது. தொலைவு வேறு விஷயம். கருவியில்லாத மருத்துவமனையிலிருந்து, எச்சரிக்கைக் குறிகளோடு சென்னைக் கீழ்ப்பாக்கத்துத் தீக்காய மையம் வரை ஆம்புலன்ஸில் போக வேண்டியவருக்குப் புறப்படும் முன்பே குழாய் போடுவதுதான் சரி. அப்போதும் வீங்கும் முகத்துக்கு இடம்விட்டுக் குழாயை நறுக்காமல் வைத்து, வெந்த தோலில் ஒட்டாத பிளாஸ்திரியை நம்பாமல் துணிநாடாவால் கட்டி அனுப்ப வேண்டும். சேர்ந்த இடத்தில் உடனே எண்டோஸ்கோப்பால் பார்த்து, வீக்கமில்லையென்றால் அன்றே எடுத்துவிட வேண்டும்.