காரம் கசக்குமா?

தமிழில் அறிவியல் பயிற்றுவது பற்றிப் பேச்செழுந்தால், அப்பேச்சு உடனே கலைச்சொற்களைச் சென்று பற்றிக்கொள்கிறது. இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று. யாழ்ப்பாணத்தில் மருத்துவம் பயிற்றிய அமெரிக்கரான கிறீன் அவர்களின் முயற்சியால் 1875-இல் வெளிவந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லாக்கத்திற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். வடசொல்லா, தனித்தமிழா, ஆங்கில ஒலியா என்னும் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற யான் வரவில்லை. வேதியியலின் முதற்படியில் நிற்கும் அமில காரப் பாடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நம் பாடநூல்கள் அதனை உரைக்கும் முறையைச் சற்று ஆராய விரும்புகிறேன். குறை பெயர்ச்சொல்லில் சிறிது உண்டு. வினைச்சொல்லில் மிகுதியாக உண்டு.

முதலில் பெயர்ச்சொல்லைப் பார்ப்போம். ‘அமிலம் புளிக்கும், காரம் கசக்கும்’ என்று தொடக்கப்பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். முற்பகுதியைப் பிள்ளை ஒப்புக்கொள்கிறது. பிற்பகுதியைக் கேட்டதும் விழிக்கிறது. வீட்டில் காரம் என்றால் மிளகாய். அது எரிக்குமேயன்றிக் கசக்காது. அறுசுவையில் கார்ப்பும் கைப்பும் வெவ்வேறு என்று காலையில் தமிழ்ப் பாடத்தில் படித்த பிள்ளை, மாலையில் அறிவியல் பாடத்தில் காரம் கசக்கும் என்று எழுத வேண்டியிருக்கிறது.

ஆயினும் சொல்லின்மேல் பழி போடுவதற்கில்லை. அப்பளக்காரம், வெண்காரம், சவர்க்காரம் என்னும் பழஞ்சொற்களில் வேதியியலார் வேண்டும் பொருளே நிற்கிறது. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை மளிகைக் கடையில் அப்பளக்காரமும் வெண்காரமும் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அவற்றை மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினால் மிளகாய் தானே விலகிப்போகும். இலங்கை நூல்கள் இவ்விடரைத் தவிர்க்கப் பொதுப்பெயராக ‘மூலம்’ என்பதை வைத்து, நீரில் கரைவதை மட்டும் காரம் என்றன. தமிழ்நாட்டு நூல்கள் பொதுப்பெயராகக் காரத்தையும், கரைவதற்கு எரிகாரத்தையும் வைத்தன. இலங்கை முறை நுட்பமானது. ஆனால் அவர்களுக்குத் தனிமம் ‘மூலகம்’. மூலமும் மூலகமும் பக்கம் பக்கமாக நின்று மாணவரை இடறுகின்றன. மூலம் என்றதும் பின்வரிசையில் எழும் சிரிப்பை வகுப்பெடுத்தவர் அறிவர்.

இடையே ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டார் லிட்மஸ் தாள் என்பதை இலங்கையார் பாசிச்சாயத்தாள் என்கிறார்கள்; மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நாங்கள் பூஞ்சுத்தாள் என்கிறோம். அச்சாயம் எடுக்கப்படும் உயிரோ, பாசியும் பூஞ்சையும் கூடி வாழும் ஒரு கூட்டுயிர். பெயரிட்டவர்கள் என்ன எண்ணினார்களோ, இரு நாட்டாரும் ஆளுக்குப் பாதி உண்மையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்!

இனித் தலையாய செய்திக்கு வருவோம். ‘சமநிலை’ என்னும் சொல்லில் மூன்று நாட்டாரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் தமிழ் மாணவன் உள்ளத்தில் அச்சொல் தராசைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. இரு தட்டும் ஒரே எடை, முள் அசையவில்லை. ஆகவே வேதிச் சமநிலை என்றால் இரு பக்கமும் சம அளவு, வினையும் நின்றுவிட்டது என்று அவன் கொள்கிறான். இரண்டும் பிழை. ‘இயங்குச் சமநிலை’ என்று அடைமொழி சேர்த்தோர் இதை உணர்ந்தவர்களே. எனினும் அடைமொழிக்குக் கீழே வரும் வாக்கியங்கள் பழைய தடத்திலேயே ஓடுகின்றன: அமிலம் அயனிகளாகப் பிரிகிறது, அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் உண்டாகின்றன, அவ்வளவே. 1884-இல் வாண்ட் ஹாஃப் இரு திசையிலும் செல்லும் அம்புக்குறியை வேதியியலுக்குத் தந்தார். சமன்பாட்டில் அந்த அம்பு நிற்கிறது. அடியில் எழுதும் தமிழ் ஒரு திசையிலேயே செல்கிறது.

இதற்கு வேண்டிய வினைச்சொல் தமிழில் இல்லையா? ‘பிரிந்துகொண்டே இருக்கின்றன, சேர்ந்துகொண்டே இருக்கின்றன’ என்று ‘கொண்டிரு’ என்னும் துணைவினையைக் கூட்டினால் போதும். ஜோகூர்க் கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டது. அன்றுமுதல் அதில் இரு திசையிலும் ஆட்கள் சென்றுகொண்டே இருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் அக்கரைக்குப் போகிறார்களோ அத்தனை பேர் இக்கரைக்கு வந்தால், எக்கரையின் தொகையும் மாறாது. முகங்கள் மட்டும் மாறும். இரு கரையிலும் சம எண்ணிக்கையான மக்கள் இருக்கவேண்டும் என்று யாராவது சொல்வார்களா? சமமாக இருப்பது போக்கும் வரவுமே.

வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசெட்டிக் அமிலத்தில் நடப்பது இதுவே. லிட்டருக்குப் பத்தில் ஒரு மோல் கரைந்த கரைசலில், ஆயிரம் மூலக்கூறுகளுள் ஏறக்குறையப் பதின்மூன்றே எந்நேரமும் அயனிகளாகப் பிரிந்த நிலையில் உள்ளன. அதே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய அனைத்தும் பிரிந்துவிடுகின்றன. முன்னதன் பி.எச். மதிப்பு 2.9 அளவு, பின்னது 1. இனி, ஒவ்வொன்றிலும் 25 மில்லி லிட்டர் எடுத்து, அதே செறிவுள்ள எரிசோடாக் கரைசலை விட்டு நடுநிலையாக்குக. எதற்கு எவ்வளவு செல்லும்? தராசை மனத்தில் வைத்த மாணவன், பதின்மூன்றே பிரிந்திருப்பதால் வினிகர் அமிலத்துக்குச் சில துளிகள் போதும் என்பான். இரண்டுக்கும் 25 மில்லி லிட்டரே செல்கிறது! பிரிந்தவற்றைக் காரம் கொண்டுபோகக் கொண்டுபோக, பிரியாதிருந்தவை பிரிந்துகொண்டே இருப்பதுதான் காரணம். அயனிப் பிரிகையைச் சொன்ன அரீனியசை (1887) மனப்பாடம் செய்விப்பதினும் இவ்வொரு சோதனையைச் செய்துகாட்டுவது மேல். ஆனால் பாடநூல்களில் தரம் பார்த்தல் ஓர் இயலிலும் சமநிலை வேறோர் இயலிலும் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்து இக்கேள்வியைக் கேட்பவர் அரியர்.

இன்னும் ஒன்று. ‘நடுநிலையாக்கல்’ என்ற பெயரால், முற்ற வினைபுரிந்த கரைசல் பி.எச். 7-இல்தான் நிற்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். மேற்சொன்ன வினிகர்க் கரைசல் 8.7 அளவில், காரத்தன்மையோடு நிற்கும். அசெட்டேட் அயனி நீரிலிருந்து மீண்டும் புரோட்டானைப் பறித்துக்கொண்டே இருப்பதன் விளைவு அது.

இவையெல்லாம் தேர்வுத்தாளோடு முடிவன என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. யான் பணிபுரிவது ரப்பர்த் தோட்டப் பள்ளி. பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலமும், உறையாது காக்க அம்மோனியாவும் எங்கள் மாணவரின் பெற்றோர் கையாண்ட பொருள்கள். அவ்வமிலம் பட்டு முழங்கைவரை கொப்புளித்த தொழிலாளர் ஒருவரை அறிவேன். அவருடைய மகள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, இதை வலுவில்லாத ஆசிட் என்று புத்தகம் சொல்கிறதே! அப்பா கையை நீங்கள் பார்க்கவில்லையா?” என்று கேட்டாள். அவள் படித்தது மலாய்ப் பாடநூல். அங்கு ‘லெமா’ என்பது சொல். இலங்கையில் மென்னமிலம், தமிழ்நாட்டில் வலிமை குறைந்த அமிலம். மூன்றும் ஒரே பொறியில் வீழ்த்துகின்றன. வலிமை என்பது எத்தனை பங்கு பிரிகிறது என்பதன் அளவு. செறிவு என்பது எவ்வளவு கரைந்துள்ளது என்பதன் அளவு. நீர் கலவாத ஃபார்மிக் அமிலம் ‘மென்மையான’ அமிலமாக இருந்துகொண்டே தசையைப் பொசுக்கும். எனவே ‘மென்னமிலம்’ என்ற சொல் முதன்முதல் வரும் பக்கத்திலேயே, இது தீங்கற்றது என்று பொருளில்லை என அச்சிடாத நூலை யான் நல்ல நூலென்று ஒப்பேன். ‘குறைபிரி அமிலம்’, ‘நிறைபிரி அமிலம்’ எனப் பெயரிட்டுப் பார்க்கலாம் என்பது என் கருத்து; மாற்றார் மறுத்தால் கேட்கச் சித்தமாயிருக்கிறேன்.

சிங்கப்பூர்த் தமிழாசிரியர்கள், ‘எங்கள் பிள்ளைகள் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், எமக்கென்ன?’ என்று கேட்கலாம். தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த உமறுப் புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது உண்மையே. ஆனால் காரம், சமம், வலிமை, நடுநிலை என்னும் சொற்களை அப்பிள்ளைகளுக்கு இன்றும் கற்பிப்பவர்கள் தமிழாசிரியர்களே. அதற்கான பொருளும் அவர்கள் காலடியில் இருக்கிறது. சிராங்கூன் வட்டாரத்தைப் பழந்தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றனர். அங்கு இருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர். கம்போங் கபோர் என்னும் மலாய்ப் பெயரில் உள்ள கபோரும் சுண்ணாம்பே.

வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பில் சிறிது எடுத்து ஒரு புட்டி நீரில் கலக்கித் தெளியவிடுக. லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவாகவே கரையும்; கரைந்ததோ ஏறக்குறைய முழுதும் அயனியாகிவிடும். வினிகர் எவ்வளவும் கரையும், சிறிதே பிரியும். சுண்ணாம்பு சிறிதே கரையும், முழுதும் பிரியும். தெளிந்த நீரில் மஞ்சள்தூள் இட்டால் சிவக்கும். அதில் வினிகரைத் துளித்துளியாக விட்டு மஞ்சள் நிறம் திரும்பியதும், அடியில் தங்கிய சுண்ணாம்பை ஒருமுறை கலக்கிவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்க. நீர் மறுபடியும் சிவக்கும். ஏன் என்று அவர்களே தமிழில் சொல்லட்டும்.